பழைய மலசலகூடத்தை மாற்றுவோர் கிணற்றையும் நினைவிற் கொள்ள வேண்டும்

எமது ஊர்களிலுள்ள பழைய வீடுகளில் அண்மைக் காலமாக ஒரு மாற்றம் ஓசையின்றி நடைபெற்று வருகின்றது. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் நிலத்தோடு பதிக்கப்பட்ட, குந்தியிருந்து பயன்படுத்தும் மலசலகூடக் கிண்ணங்கள் உடைத்தெடுக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் அமர்ந்து பயன்படுத்தும் கொமட்டுகள் பொருத்தப்படுகின்றன. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் புத்தளத்திலும் வன்பொருள் கடைகளின் வாசலில் வெள்ளை நிறப் பீங்கான்கள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காண்பவர்கள் இதனை வெறும் நாகரிக மோகம் என எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது தவறாகும்.

2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு மக்களில் 12.4 வீதமானோர் 60 வயதைக் கடந்தவர்களாக இருந்தனர். அதன் பின்னர் இவ்விகிதம் மேலும் உயர்ந்துள்ளது. பிள்ளைகள் கொழும்பிலும் கனடாவிலும் கட்டாரிலும் இருக்க, மூட்டு தேய்ந்த பெற்றோர் பழைய வீட்டில் தனித்து வாழும் நிலையை எங்கும் காண்கின்றோம். முழங்காலை மடிக்க இயலாத ஒருவருக்குக் குந்தும் மலசலகூடம் ஒவ்வொரு நாளும் வேதனையைத் தரும் இடமாக மாறிவிடுகின்றது. 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற யுத்தத்தில் கால்களை இழந்தவர்களின் நிலை இதனிலும் கடினமானது. இவர்களிற் பலர் தமது சிரமத்தை எவரிடமும் சொல்வதில்லை. மாறாக, அடிக்கடி எழுந்து செல்வதைத் தவிர்ப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக் கொள்கின்றனர். இரவு உணவைத் தவிர்க்கின்றனர். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் அதனைத் தொடர்ந்து வருகின்றன. சுபஹுத் தொழுகைக்காக அதிகாலை இருளில் எழுந்து செல்லும் முதியவர் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அவர் மீண்டும் பள்ளிவாசலுக்கு நடந்து செல்வது பெரும்பாலும் கடினமாகி விடும். ஆகவே, ஒரு கொமட்டை மாற்றுவது முதியவரின் உடல்நலத்தோடும் தன்மானத்தோடும் நேரடியாகத் தொடர்புபட்ட ஒரு வேலையாகும்.

இவ்வேலையைப் பலர் தாமே செய்ய முற்படுவதற்கும் காரணம் உண்டு. 2020 ஆம் ஆண்டில் தரை ஓடுகளினதும் குளியலறைப் பீங்கான்களினதும் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் டொலரின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிச் சென்றது. கட்டுப்பாடுகள் பின்னர் தளர்த்தப்பட்ட போதிலும் பொருட்களின் விலையும் மேசன்மாரின் நாட்கூலியும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. போதாக்குறைக்கு, சிறிய வேலை என்பதால் ‘நாளை வருகின்றேன்’ என்று சொல்லிச் சென்ற மேசன் மூன்று கிழமைகளாக வராமலிருப்பதும் நமக்குப் புதிதல்ல.

இன்னொரு விடயத்தையும் இங்கு மனந்திறந்து சொல்ல வேண்டியுள்ளது. மலசலகூடத்தில் கைவைப்பது ‘அவர்களுடைய’ வேலை என்ற எண்ணம் எம்மிடையே நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. வாளி மலசலகூடங்கள் இருந்த காலத்தில் அவற்றைச் சுமந்து அகற்றுவதற்கென்றே ஆங்கிலேயர் ஆட்சியில் தென்னிந்தியாவிலிருந்து குடும்பங்கள் கொண்டுவரப்பட்டு, நகரங்களின் ஓரத்தில் குடியமர்த்தப்பட்டன. அவ்வேலை மறைந்த பின்னரும் அவர்களின் பிள்ளைகள் மீது சுமத்தப்பட்ட இழிவு மறையவில்லை. தன் வீட்டுக் கழிவறையைத் தானே கழற்றிப் பொருத்தும் ஒரு ஆசிரியரையோ வங்கி ஊழியரையோ காணும்போது, பணம் மிச்சமாவதைக் காட்டிலும் இந்தப் பழைய சுவரில் ஒரு கல் கழன்று விழுகின்றதே என்று நாம் மகிழ்வதுண்டு.

ஆயினும், ஆர்வம் மட்டும் போதாது. இணையத்தில் காணப்படும் காணொளிகளைப் பார்த்து வேலையில் இறங்குவோர் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றிற் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளுக்கானவை. அங்கு தரையில் பதித்த வளையமொன்றின் மீது மெழுகு வளையத்தை வைத்து, அதன்மேல் கொமட்டை அமர்த்தி, இரு திருகாணிகளால் இறுக்கி விடுகின்றனர். கழற்றுவதும் அவ்வாறே எளிது. எமது நாட்டிலோ பழைய கிண்ணம் கொங்கிறீட்டுத் தரையில் சீமெந்துச் சாந்தினால் புதைக்கப்பட்டுள்ளது. அங்கு நகரங்களில் கழிவு மாநகரக் குழாய்க்குச் செல்கின்றது. இங்கு அது எமது வளவிலேயே உள்ள குழிக்குச் செல்கின்றது. குழாய்வழிக் கழிவகற்றல் வசதி இலங்கை மக்களில் ஏறத்தாழ 2 வீதமானோருக்கே கிடைத்துள்ளது. எனவே அமெரிக்கக் காணொளி முடிவடையும் இடத்தில்தான் எமது வேலையின் முக்கியமான பகுதி ஆரம்பமாகின்றது.

முதலில் அளவுகள். கொமட்டை வாங்கி வந்த பின்னர் அளப்பது பலர் செய்யும் பிழையாகும். கொமட்டின் கழிவு வெளியேறும் வாய் இருவகைப்படும். ‘எஸ்’ வடிவ வளைவுடையது நேரே தரைக்குள் இறங்கும். ‘பி’ வடிவ வளைவுடையது பின்புறச் சுவரினூடாகச் செல்லும். குந்தும் கிண்ணத்தை அகற்றிய இடத்தில் குழாய் தரைக்குக் கீழேயே கிடைக்கும் என்பதால் பெரும்பாலான பழைய வீடுகளுக்கு முதல் வகையே பொருந்தும். அவ்வாறெனின், பின்சுவரிலிருந்து குழாயின் நடுப்புள்ளி வரையுள்ள தூரத்தை அளந்து, அந்த அளவைக் கடைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சுவரில் ஓடு பதிக்கும் எண்ணமிருந்தால் ஓட்டினதும் சாந்தினதும் தடிப்பை அதிலிருந்து கழித்துக் கொள்ள வேண்டும். அரை அங்குலப் பிழை கூடத் தண்ணீர்த் தொட்டியைச் சுவரோடு முட்ட வைத்துவிடும். ‘பி’ வகையெனில், வெளிவாயின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறத்தாழ 180 மில்லிமீற்றர் உயரத்தில் அமைவதே வழக்கம். உயரமும் முக்கியமானது. சாதாரண கொமட்டின் இருக்கை சுமார் 40 சென்றிமீற்றர் உயரமுடையது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு 43 முதல் 48 சென்றிமீற்றர் வரை உயரமுள்ளதே எழுந்திருக்க உதவும். விலையை மட்டும் கேட்டு வாங்குவோர் இதனைக் கேட்பதில்லை.

பழைய கிண்ணத்தை உடைப்பதற்கு முதல்நாளே நன்கு கழுவி, நிறையத் தண்ணீர் ஊற்றி, வளைவில் தேங்கி நிற்கும் நீரைக் கடற்பஞ்சினாலோ பழைய துணியினாலோ ஒற்றி எடுத்துவிட வேண்டும். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். மஞ்சட்கறையைப் போக்கும் அமிலத்தையும் வெளிற்றும் தூளையும் ஒன்றாகக் கொட்டுவோர் உள்ளனர். இவ்விரண்டும் சேரும்போது குளோரின் வாயு வெளிவரும். சாளரம் சிறிதாயுள்ள ஓர் அறையில் அது நுரையீரலைத் தாக்கும் நஞ்சாகும்.

உடைக்கும்போது ஓரத்திலிருந்து ஆரம்பித்து, உளியைக் கிண்ணத்தின் பக்கம் சாய்த்து, சிறு சிறு துண்டுகளாகக் கழற்றுவதே நல்லது. நடுவில் ஓங்கி அடித்தால் துண்டுகள் குழாய்க்குள் விழுந்து விடும். அவற்றை வெளியே எடுப்பது புதிய கொமட் பொருத்துவதிலும் பெரிய வேலையாகிவிடும். உடைந்த பீங்கான் கண்ணாடியைப் போல் வெட்டும். தடித்த கையுறையும் கண்ணுக்குக் காப்பும் இன்றி இவ்வேலையில் இறங்கக்கூடாது. அழுக்கான இடத்தில் காயம் பட்டால் ஏற்புத் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேட்பதற்குத் தயங்கவும் கூடாது. கிண்ணம் அகன்றவுடன் குழாயின் வாயைச் சாக்குத் துணியால் இறுக அடைத்து விட வேண்டும். குழியிலிருந்து வரும் வாயுவையும் கரப்பான்களையும் அது தடுக்கும். கல்லும் மண்ணும் உள்ளே விழாமலும் காக்கும்.

இங்குதான் பலர் அறியாத ஒரு நுணுக்கம் உள்ளது. குந்தும் கிண்ணத்தின் அடியில் நீரடைப்பு வளைவொன்று தனியாக இருக்கும். கொமட்டின் உள்ளேயும் அத்தகைய வளைவு உண்டு. பழைய வளைவை எடுக்காமல் அதன்மேல் கொமட்டை வைத்தால் இரு நீரடைப்புகளுக்கு இடையே காற்று சிறைப்பட்டு, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கழிவு மெதுவாகவே இறங்கும். ‘புதிய கொமட் சரியில்லை’ என்று கடைக்காரரோடு முரண்படுவோரில் சிலருடைய வீட்டில் குறை இவ்வாறு தரைக்குக் கீழே இருக்கின்றது. பழைய வளைவை முற்றாகத் தோண்டி எடுத்து, 110 மில்லிமீற்றர் குழாயில் முழங்கை இணைப்பு வைத்து, 40 அடிக்கு ஓர் அடி என்ற அளவில் சரிவு கொடுத்துக் குழியை நோக்கிக் கொண்டு செல்ல வேண்டும். அதன் பின்னரே தரையை நிரப்பி மட்டம் செய்யலாம்.

தரை இறுகிய பின்னர் கொமட்டை வெறுமனே வைத்துப் பார்த்து, ரசமட்டம் கொண்டு இரு பக்கமும் சரிபார்த்து, திருகாணித் துளைகளைப் பென்சிலால் குறித்துக் கொள்ள வேண்டும். குழாய்க்கும் கொமட்டுக்கும் இடையே இறப்பர் இணைப்பைப் பயன்படுத்துவதே சிறந்தது. எமது மேசன்மாருக்குக் கொமட்டின் அடிப்பாகத்தைச் சீமெந்தில் புதைப்பதில் ஒரு தனிப் பிரியம் உண்டு. அப்போதைக்கு அது உறுதியாகத் தோன்றினாலும், பின்னொரு நாள் அடைப்பு ஏற்பட்டால் கொமட்டை உடைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. துளையிட்டு, பிளாஸ்டிக் ஆப்பு வைத்து, திருகாணியால் அளவோடு இறுக்கி, சுற்றிலும் சிலிக்கன் பூசினால் போதுமானது. அளவு மீறி இறுக்கினால் பீங்கான் வெடித்துவிடும். தொட்டிக்கு நீர் வரும் குழாயில் தனியான அடைப்பு வால்வு ஒன்று இருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பின்னர் தொட்டி நீரில் சிறிது உணவுச் சாயத்தைக் கலந்து, அரைமணி நேரம் எவரும் பயன்படுத்தாமல் விட்டுப் பார்க்க வேண்டும். கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் தொட்டி கசிகின்றது என்பது பொருள். காதுக்குக் கேட்காத இக்கசிவு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான லீற்றர் நீரைக் குடித்துவிடக் கூடியது.

அந்த நீர் எங்கே செல்கின்றது? இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இந்த வினாவே.

வாளியால் ஊற்றும் குந்து மலசலகூடத்திற்கு ஒரு தடவைக்கு இரண்டு அல்லது மூன்று லீற்றர் நீர் போதும். பழைய வகைத் தொட்டியுடைய கொமட் ஒன்பது லீற்றரும் அதற்கு மேலும் எடுத்துக் கொள்ளும். ஐவர் வாழும் வீட்டில் ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து தடவை பயன்படுத்துவதாகக் கொண்டால், முன்னர் ஏறத்தாழ 60 லீற்றர் நீரே குழிக்குச் சென்றது. கொமட் வந்தபின் அது 225 லீற்றராக உயர்கின்றது. குழி மட்டும் அதே பழைய குழி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலெழும்போது குழி நிரம்பி, கழிவு பின்னோக்கி வருவதற்கும் முற்றத்தில் துர்நாற்றம் வீசுவதற்கும் இதுவே காரணமாகின்றது. ஆகவே மூன்று, ஆறு லீற்றர் என இரு பொத்தான்கள் கொண்ட தொட்டியை வாங்குவதே அறிவுடைமை. தொட்டியே இன்றி, கொமட்டில் வாளியால் வேகமாக ஊற்றியும் பயன்படுத்த முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

யாழ். குடாநாட்டில் இவ்விடயம் மேலும் பாரதூரமானது. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகளிலும் துவாரங்களிலும் தேங்கும் மழைநீரே கிணற்று நீர். அதற்குக் கீழே உவர்நீர் உள்ளது. மணலில் கழிவுநீர் மெல்ல ஊறி வடிகட்டப்படுவது போல் சுண்ணாம்புக் கல்லில் நடைபெறுவதில்லை. வெடிப்பொன்று கிடைத்தால் குழியிலுள்ளது அவ்வாறே கிணற்றை நோக்கி ஓடும். கிணற்று நீரில் மலக் கிருமிகளும் நைத்திரேற்றும் காணப்படுவதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வந்துள்ளனர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடப்படும் உரமும் நைத்திரேற்றுக்குக் காரணம் என்பது உண்மையே. ஆனால் குழிகளின் பங்கினை அதனால் மறைத்துவிட முடியாது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமை மீறக்கூடாது என உலக சுகாதார ஸ்தாபனம் வரையறுத்துள்ளது. அதனை மீறிய நீரில் கரைத்த பால்மா கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடியது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகி வற்றும்போது அதன் செறிவு கூடவே செய்யும்.

மனிதாபிமானப் பணிகளுக்கான சர்வதேச ‘ஸ்பியர்’ நியமங்கள், ஊறவிடும் குழி நீர்நிலையிலிருந்து 30 மீற்றர் தள்ளியும், அதன் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றர் மேலாகவும் இருக்க வேண்டும் எனக் கூறுகின்றன. வெடிப்புள்ள பாறையிலும் சுண்ணாம்புக் கல்லிலும் தூரத்தைக் கூட்ட வேண்டும் எனவும் அவை கூறுகின்றன. இரண்டு பரப்புக் காணியைச் சதுரமாகக் கொண்டால் அதன் ஒரு பக்கம் 22 மீற்றர் அளவே வரும். அதற்குள் வீடும் கிணறும் குழியும் அமைய வேண்டும்; மதிலுக்கு அப்பால் அயலவரின் குழி எங்கே உள்ளது என்பதை எவரும் கேட்பதுமில்லை. காத்தான்குடி, கல்முனை போன்ற நெருக்கமான கரையோரப் பட்டினங்களில் மண் மணலாக இருந்தாலும் காணித்துண்டுகள் மிகச் சிறியவை. நீர்மட்டமும் கைக்கெட்டும் ஆழத்திலேயே உள்ளது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய்நீர் கிடைத்த பின்னரும் சமையலுக்கும் குளிப்பதற்கும் கிணற்றைப் பயன்படுத்தும் வீடுகள் அங்கு ஏராளம்.

இந்நிலையில் கொமட்டுக்குச் செலவிடத் தீர்மானித்த குடும்பம், கையிலுள்ள பணத்தில் ஒரு பகுதியைக் குழிக்கு ஒதுக்குவது நல்லது என்பதே எமது கருத்தாகும். அலங்கார ஓட்டைப் பின்னர் பதிக்கலாம். அடியில் கொங்கிறீட்டு இடாமல், கல்லை அடுக்கி மூடியிட்ட குழியைப் பலர் ‘செப்டிக் டாங்க்’ என்று அழைக்கின்றனர். உண்மையான தொட்டி நீர் கசியாத அடியும் சுவரும் கொண்டது; இரு அறைகளாகப் பிரிக்கப்பட்டது. முதல் அறையில் திண்மக் கழிவு அடியில் படியும். இரண்டாவது அறையிலிருந்து ஓரளவு தெளிந்த நீரே ஊறும் குழிக்குச் செல்லும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை உள்ளூராட்சி சபையின் கழிவகற்றும் பவுசரைக் கொண்டு படிவை அகற்ற வேண்டும். பிரதேச பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து இடத்தைக் காட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது போலாகிவிடும் என அஞ்சுவோர் உளர். தூரத்தையும் ஆழத்தையும் பற்றி ஆலோசனை கூறுவதும் அவரது கடமையே.

குழிக்கான வேலை வீட்டார் தாமே செய்யக்கூடியதன்று. கொமட்டை மாற்றுவதோடு அவர்களின் எல்லை முடிவடைகின்றது. மூடிய குழியில் மெதேனும் ஐதரசன் சல்பைட்டும் தேங்கி நிற்கும். அழுகிய முட்டை நாற்றம் ஐதரசன் சல்பைட்டினுடையது. ஆனால் அது செறிவாகும்போது மூக்கு அந்நாற்றத்தை உணரும் சக்தியை இழந்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என எண்ணி இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் மாண்டுபோன செய்திகளை நாம் பத்திரிகைகளில் பலமுறை படித்திருக்கின்றோம். எக்காரணம் கொண்டும் குழிக்குள் இறங்கவோ, அதன் வாயருகில் தீக்குச்சி கொளுத்தவோ கூடாது. மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோருக்கும் இதே விலக்கு வேறொரு காரணத்தால் பொருந்தும். அங்கு ஒரு வீட்டுக் குழாய் பல வீடுகளுக்குப் பொதுவானது. ஒருவர் செய்யும் பிழை கீழ்மாடியின் கூரையில் ஒழுகும்.

திசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலசலம் கழிக்கையில் கிப்லாவை முன்னோக்கவோ பின்னோக்கவோ கூடாது என்பது முஸ்லிம்கள் பேணும் ஒழுக்கம். கட்டடங்களுக்குள் அது எவ்வளவு தூரம் கட்டாயமானது என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், எமது மக்கள் பேணுதலாகவே நடந்து வருகின்றனர். இலங்கைக்குக் கிப்லா மேற்கு வடமேற்காக அமைவதால் பழைய மேசன்மார் கிண்ணத்தை வடக்குத் தெற்காக வைத்தனர். சைவ வீடுகளிலும் இவ்வாறே வடக்குத் தெற்காக அமைப்பதை விரும்புவோர் பலர். இடம் போதவில்லை என்று கொமட்டைக் கால்வட்டம் திருப்பி வைத்துவிட்டு, பின்னர் வீட்டுப் பெரியவர் அதனைப் பயன்படுத்த மறுத்தால் செய்த செலவெல்லாம் வீணாகும். அவரையும் கேட்டுவிட்டே துளையிட வேண்டும். கைப்பிடிக் கம்பியொன்றைச் சுவரில் பொருத்துவதும், வழுக்காத கரடுமுரடான ஓட்டைத் தெரிவதும், உள்ளே விழுந்தவரை வெளியிலிருந்து எடுக்கக்கூடியதாகக் கதவை வெளிப்புறம் திறக்க விடுவதும் கொமட்டைப் போலவே அவசியமானவை.

கடைசியாக, கழற்றிய பழைய பொருட்கள். உடைந்த கொமட்டும் தண்ணீர்த் தொட்டியும் கோடிப்புறத்து மதிலோடு சாய்த்து வைக்கப்பட்டு, மழைநீர் தேங்கிக் கிடப்பதைப் பல வளவுகளில் காண்கின்றோம். டெங்கைப் பரப்பும் நுளம்புக்கு இதனிலும் சிறந்த இருப்பிடம் கிடைக்காது. பரிசோதகர் வந்து அபராதம் விதிக்கும் வரை காத்திராமல், பீங்கானைச் சிறு துண்டுகளாக உடைத்து, தரை நிரப்பும் கல்லோடு சேர்த்துப் புதைத்து விடலாம். குழியின் காற்றுப்போக்கிக் குழாயின் உச்சியில் வலை உள்ளதா என்பதையும் அன்றே ஏறிப் பார்த்துக்கொள்ள வேண்டும். யானைக்கால் நோயைப் பரப்பும் நுளம்பு இத்தகைய அழுக்கு நீரிலேயே பெருகுகின்றது. அந்நோய் இலங்கையில் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிக்கப்பட்டதாக 2016 ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் உறுதிப்படுத்திய போதிலும், நுளம்பு இன்னமும் இங்கேயேதான் இருக்கின்றது.